குருவையா மாமா பேருக்கு ஒரு ஐஸ் பெட்டி

நீங்களும் அந்தக் கதையைக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கீங்களா, அக்கா?

மறைக்காதீங்க. கடைக்குள்ள நுழைஞ்சதும் நீங்க பந்தல் துணியைப் பார்க்கலை, அண்டாவைப் பார்க்கலை, என் முகத்தைத்தான் பார்த்தீங்க. உயிரோட இருக்கிற மனுஷனுக்கு ஐஸ் பெட்டி எழுதி வச்சவ இவதானான்னு பார்த்தீங்க. ஆமா, நான்தான். வேல்மயில். உட்காருங்க. அந்த அண்டாப் பக்கம் வேண்டாம், நேத்து புளிசாதம் கிண்டி வந்தது, இன்னும் விளக்கலை, சேலையில கரி ஒட்டிக்கும். இந்தச் சேரை இழுத்துப் போட்டுக்கோங்க.

பேரனுக்குக் காதுகுத்துன்னு சொன்னீங்க இல்ல? மாசியிலதானே, குலதெய்வம் கோயில்ல. மாசி எங்கேயும் ஓடிப் போகாது, தேதி அப்புறம் பார்த்துச் சொல்றேன். முதல்ல கதையை முழுசாக் கேளுங்க. பாதியைக் கேட்டுட்டுப் போனா உங்க ஊரில் அதுக்கு மேல ரெண்டு கை அள்ளிப் போட்டுச் சொல்லுவாங்க. அதுக்கு என் வாயாலேயே கேட்டுட்டுப் போங்க.

இந்த வாடகைப் பாத்திரக் கடை என் மாமனார் வச்சது. அவர் போனதுக்கு அப்புறம் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் நடத்துறாங்க. மூத்தவர் கோட்டூர்சாமி. நான் பெரியத்தான்னு சொல்லுவேன். கல்லாவில் உட்காருறது, நாள் குறிக்கிறது எல்லாம் அவர். இளையவர் ராமர், என் வீட்டுக்காரர். குட்டியானை வண்டி ஓட்டுவார், ஏத்துறது இறக்குறது எல்லாம் இவர். நான் கல்யாணமாகி வந்தப்போ எனக்கு ஒதுக்கின வேலை பின்னால தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில், அண்டா விளக்குறது. அண்டான்னா வீட்டில் இருக்கிற அண்டா இல்லை அக்கா, உள்ளே இறங்கி உட்கார்ந்துதான் விளக்கணும். வயித்தில் இவளைச் சுமந்துக்கிட்டே உள்ளே இறங்கியிருக்கேன். ஏய் கவிநிலா, கரண்டியை வாயில வைக்காதே. அது ஐந்நூறு பேருக்குச் சாம்பார் ஊத்துற கரண்டி.

எங்க பெரியத்தான் என்கிட்ட நேருக்கு நேர் பேச மாட்டார். தம்பி பொண்டாட்டிகிட்ட பேசக் கூடாதுன்னு அவங்க வீட்டு வழக்கம். எதையாவது சொல்லணும்னா, "ராமரு, அவகிட்ட சொல்லு"ம்பார். ராமர் இல்லாட்டி அண்டாவைப் பார்த்துச் சொல்லுவார். "விளக்கினதுல இன்னும் கறை இருக்கு"ன்னு அண்டாகிட்ட சொல்லுவார். நான் அண்டாவுக்குள்ள இருந்து "சரி"ம்பேன்.

இப்படிப் போய்க்கிட்டு இருந்தப்போதான் ஆவணி முகூர்த்தம் வந்துச்சு. பெரியத்தான் அவர் நோட்டில் ஒரே பந்தலை ஒரே நாளில் ரெண்டு வீட்டுக்குக் குறிச்சிட்டார். ஒரு பக்கம் பேனாவில் எழுதி, இன்னொரு பக்கம் பென்சிலில் எழுதியிருக்கார். பென்சில் வீட்டுப் பொண்ணுக்கு வெயிலில்தான் தாலி ஏறுச்சு. மாப்பிள்ளைக்கு மூக்கு வரைக்கும் சந்தனம் வழிஞ்சு ஓடியிருக்கு. அன்னைக்கு அந்த வீட்டு ஆளுங்க வந்து கடை வாசலில் பேசின பேச்சு இருக்கே, அதை நான் பிள்ளை முன்னால சொல்ல மாட்டேன்.

அப்பத்தான் நான் போனில் கேட்டேன். அதான் அக்கா, ஏஐ. எல்லா போன்லேயும் இருக்கே, உங்க மருமக போன்லேயும் இருக்கும். நான் பத்தாவது வரைக்கும் எங்க ஊர்ப் பள்ளிக்கூடம்தான், இங்கிலீஷ்ல கேட்க வராது. மைக்கை அமுக்கித் தமிழ்லேயே கேட்டேன். "பாத்திரம் வாடகைக்கு விடுற கடை. ஒரு ஆள் கல்லாவில், ஒரு ஆள் வண்டியில், ஒரு ஆள் வீட்டில். மூணு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விவரம் தெரியணும், என்ன பண்ணலாம்?" அது பொறுமையா ஒவ்வொண்ணாச் சொல்லுச்சு. இணையத்தில் ஒரு அட்டவணை போடுங்க, தேதிக்கு ஒரு கட்டம், சாமானுக்கு ஒரு கட்டம், அதை மத்தவங்களோட பகிர்ந்துக்கோங்கன்னு. இவளுக்குச் சோறு ஊட்டிக்கிட்டே ரெண்டு மத்தியானத்தில் போட்டு முடிச்சேன். இன்னொண்ணு சொல்லட்டுமா, இந்த ஊரில் என்னை நீங்க வாங்கன்னு கூப்பிடுறது அது ஒண்ணுதான்.

அதுதான் கேட்டுச்சு, யாருக்கு என்ன அனுமதின்னு. சிலருக்குப் பார்க்க மட்டும், சிலருக்கு ஓரமாக் குறிப்பு எழுத, சிலருக்குத் திருத்த. நான் முதல்ல மரியாதைக்கு எல்லாருக்கும் திருத்துறதைக் கொடுத்தேன். பெரியத்தான் கட்டை விரலை வச்சு ஒரு இழு இழுத்தார், புரட்டாசி முழுக்கக் காணாமப் போச்சு. நல்லவேளை, பழைய நிலைக்குத் திரும்புறது எப்படின்னு அதுகிட்டயே கேட்டு மீட்டேன். மீட்ட கையோட ராமருக்குத் திருத்தம், பெரியத்தானுக்குப் பார்க்க மட்டும்னு மாத்திட்டேன். அவர்கிட்ட சொல்லலை. எப்படிச் சொல்றது? நான்தான் அவர்கிட்ட பேசக் கூடாதே.

மறுநாள் அவர் கல்லாவில் உட்கார்ந்து போனைக் குத்துறார், குத்துறார், எழுத்து ஏறலை. அப்புறம் ஒரு பெட்டி வந்து, திருத்த அனுமதி கேளுங்கன்னு காட்டியிருக்கு. என்னமோ ஏதோன்னு அதையும் குத்திட்டார். பின்னால தொட்டிகிட்ட என் போன் டிங்குங்குது. எடுத்துப் பார்க்கிறேன், 'கோட்டூர்சாமி உங்களிடம் அனுமதி கேட்கிறார்'. அக்கா, நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதலா என்கிட்ட ஒரு வார்த்தை பேசாத மனுஷன். கேட்டுட்டார். எழுத்திலேயே கேட்டுட்டார். நான் அந்தச் செய்தியை இன்னும் அழிக்காம வச்சிருக்கேன், வேணும்னா காட்டுறேன்.

"ராமரு, என் கடையில நான் அனுமதி கேக்கணுமா?" சாயங்காலம் வண்டி வந்ததும் வராததுமா கத்தினார். ராமர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையைப் பார்த்தேன். அனுமதி கொடுக்கலை.

கொடுக்காததுக்கு அப்புறம் ஒரு முகூர்த்தம்கூட மோதலை. இதை நான் சொல்லலை, ஊர் சொல்லுது. கடைக்கு வர்றவங்க "வேல்மயில் இருக்காளா"ன்னு கேட்க ஆரம்பிச்சாங்க. அண்டா விளக்க ஒரு அம்மாவைக் கூலிக்கு வச்சோம். நான் கடைப் போனோட முன்னால வந்து உட்கார்ந்தேன். இதோ, இந்த இடத்தில். இதைத்தான் அக்கா, அப்புறம் பிடுங்கப் பார்த்தாங்க.

எந்தத் தேதி காலியா இருக்குன்னு போன் பண்ணிப் பண்ணிக் கேட்கிறாங்களே, அவங்களே பார்த்துக்கட்டும்னு அட்டவணையோட இணைப்பை ஊர் வாட்ஸாப் குரூப்பில் போடலாம்னு நினைச்சேன். ஏஐகிட்ட கேட்டேன். வழி சொல்லுச்சு. சொல்லிட்டு, "அந்தக் கோப்பில் வெளியாட்கள் பார்க்கக் கூடாத விவரம் ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டுச்சு. ரெண்டாவது பக்கத்தில் எங்க உள்வேலை இருக்குன்னேன். யார் பாக்கி, யார் சாமானை நெளிச்சுக் கொண்டுவர்றவங்க, வண்டி எப்ப போகணும், அந்த மாதிரி. "அப்படின்னா அதைத் தனிக் கோப்பா மாத்திடுங்க, ஒரே கோப்பா இருந்தா எல்லாப் பக்கமும் சேர்ந்தே போகும்"னு சொல்லுச்சு. அந்த நேரம் பார்த்து இவ தேங்காய்ச் சட்னிக்குள்ள உட்கார்ந்துட்டா. அக்கா, கிண்ணத்தில் கை விட்டான்னு நினைக்காதீங்க, சட்னி வாளி, பந்திக்குப் போறது, அதுக்குள்ள உட்கார்ந்துட்டா. நான் எழுந்து ஓடினேன். இணைப்பு குரூப்புக்குப் போயிடுச்சு. பிரிக்கிறது நின்னு போச்சு.

நின்னா என்ன? ஒருத்தர் வீட்டுக்குப் போறோம், முன்னறையில் உட்காரச் சொல்றாங்க. நாம எழுந்து அடுப்படிக்குள்ள போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்போமா? ரெண்டாவது பக்கம் அடுப்படி. அதில் எட்டிப் பார்த்தா அது யார் தப்பு? நீங்களே சொல்லுங்க.

இனிமேதான் குருவையா மாமா வர்றார். எங்க தெருக் கோடி வீடு, தனிக்கட்டை. அத்தை போய்ச் சேர்ந்தாச்சு. ஒரே மகன் சௌந்தர், சிங்கப்பூரில். அம்மா செத்ததுக்கு வந்துட்டுப் போனவன், அதுக்கு அப்புறம் ஊர்ப்பக்கம் வரலை. பணம் அனுப்புவான், குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு அண்ணன் மகன் தவசி இவரைப் பார்த்துக்கிறான். ஐப்பசி மழையில் மாமாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்தவர், எழுந்திருக்கலை. நர்சம்மா வீட்டுக்கே வந்து குளுக்கோஸ் ஏத்துறாங்க. பாலை விட்டா பால் இறங்கலை.

எங்க தொழில் எப்படின்னா, சாவு வீட்டுக்கு இல்லைன்னு சொல்லக் கூடாது. முன்பணம் கேட்கக் கூடாது, பேரம் பேசக் கூடாது, சொன்ன உடனே வண்டி கிளம்பணும். ஆனா ஐஸ் பெட்டி ஒண்ணுதான் இருக்கு. அதே வாரம் தொடர்ந்து மூணு கல்யாணம், எல்லாச் சேரும் வெளியே போகப் போகுது. அதனால யாருக்காவது இழுத்துக்கிட்டு இருந்தா, ஒரு நூறு சேரையும் பெட்டியையும் சத்தமில்லாம ஒதுக்கி வைப்போம். மாமனார் காலத்தில் இருந்தே அப்படித்தான். எந்தக் கடையிலயும் அப்படித்தான், போய்க் கேட்டுப் பாருங்க, சொல்ல மாட்டாங்க.

பெரியத்தான் அன்னைக்குக் காலையில் அண்டாவைப் பார்த்துச் சொன்னார். "குருவையா சித்தப்பா இந்த வாரம் தாண்டாது. நூறு சேரும் பெட்டியும் வெளியே விட வேண்டாம்."

சரின்னு நான் ரெண்டாவது பக்கத்தில் எழுதினேன். குருவையா மாமா வீடு, ஐஸ் பெட்டி ஒண்ணு, சேர் நூறு, சின்னப் பந்தல், இந்த வாரம். கடைசிக் கட்டத்தில் நிலவரம்னு ஒண்ணு இருக்கு. அதில் ரெண்டே ரெண்டு சொல்தான் வச்சிருக்கேன், விரலால் தொட்டு எடுத்துக்கலாம். ஒண்ணு 'கேட்டிருக்காங்க'. இன்னொண்ணு 'உறுதி'. கேட்டிருக்காங்கன்னு போட்டா அது பொய். அந்த வீட்டில் இருந்து யாரும் கேட்கலையே. பொய் எழுதக் கூடாதுன்னு 'உறுதி'ன்னு போட்டேன்.

சொன்னது பெரியத்தான். எழுதினது நான். சொன்னது தப்பில்லையாம், எழுதினதுதான் தப்பாம். நல்லா இருக்கு இல்ல நியாயம்?

சிங்கப்பூரில் இருக்கிற சௌந்தர் அண்ணனும் அந்த ஊர்க் குரூப்பில் இருக்கார். வேலை முடிஞ்சு படுத்துக்கிட்டு, ஊரில் யார் வீட்டில் என்ன விசேஷம்னு பார்ப்போம்னு இணைப்பைத் திறந்திருக்கார். முதல் பக்கம் பார்த்தார். சரி. அடுப்படிக்குள்ளேயும் போயிட்டார். அங்கே அவங்க அப்பா பேரு.

உடனே தவசிக்குப் போன் போட்டிருக்கார். "அப்பா எப்படிடா இருக்காரு?"

"சித்தப்பா நல்லாத்தாண்ணே இருக்காரு."

"அவர்கிட்ட போனைக் கொடு."

"தூங்குறாருண்ணே."

தவசி சொன்னது சத்தியமா நிஜம் அக்கா. நர்சம்மா ஊசி போட்டுட்டுப் போய் மனுஷன் அசந்து தூங்குறார். ஆனா நம்ம ஆளுங்க வெளிநாட்டில் இருக்கிறவனுக்குச் சாவைச் சாவுன்னு எப்பச் சொல்லியிருக்கோம்? பதறுவான், வர்ற வழியில் ஏதாவது ஆயிடும்னு, 'லேசா உடம்பு சரியில்லை, ஒரு எட்டு வந்துட்டுப் போ'ன்னுதானே சொல்லுவோம். இதே சௌந்தர் அண்ணனுக்கு அவங்க அம்மா பெட்டிக்குள்ள படுத்திருக்கும்போது 'அம்மாவுக்கு மூச்சு வாங்குது'ன்னுதான் சொன்னாங்க. அப்பவும் போனைக் கேட்டதுக்குத் தூங்குறாங்கன்னுதான் சொன்னாங்க. அந்த ஞாபகம் இருக்காதா மனுஷனுக்கு?

முகத்தைக் காட்டுன்னிருக்கார். தவசியோடது பட்டன் போன், எதை வச்சுக் காட்டுறது. ஊரில் இன்னும் நாலு பேருக்குப் போன் போட்டிருக்கார். எல்லாரும் ஒரே மாதிரி, 'ஒண்ணுமில்லைப்பா, நல்லா இருக்காரு, நீ பதறாதே'ன்னிருக்காங்க. பதறாதேன்னு சொன்னாங்களோ இல்லையோ, முடிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தீர்மானம் ஆயிடுச்சு. ஊர் மொத்தமும் வாயால் சொன்னதை அவர் நம்பலை அக்கா, நான் எழுதினதை நம்பினார். அதில் எனக்கு ஒரு பெருமைதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

மறுநாள் மதுரையில் வந்து இறங்கிக் கார் பிடிச்சிருக்கார். மாட்டுத்தாவணியில் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஜா மாலை வாங்கியிருக்கார். தெருவுக்குள்ள கார் நுழையும்போதே 'எப்பா'ன்னு ஒரு சத்தம், நான் இங்கே கடையில் கேட்டேன். இறங்கி மாலையும் கையுமா ஓடுறார். வாசலில் பார்த்தா பந்தல் இல்லை, சேர் இல்லை, கூட்டம் இல்லை. குருவையா மாமாவுக்கு அன்னைக்கு விடியக்காலையில்தான் காய்ச்சல் விட்டு, தவசி பொண்டாட்டி வாசலில் உட்கார வச்சு ரசஞ்சோறு கொடுத்துக்கிட்டு இருக்கா. மாமா மகனைப் பார்க்கிறார். மாலையைப் பார்க்கிறார். வாயில் இருந்த சோத்தை முழுங்கிட்டுக் கேட்டாராம்.

"மாலை எதுக்குடா? எலெக்சன்ல நிக்கிறியா?"

தெருவே சிரிச்சுது. சௌந்தர் அண்ணன் மாலையை வச்சுக்கிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதிருக்கார். சந்தோஷத்தில்தான் அழுதார்னு நான் சொல்றேன். அப்ப நான் பண்ணினது நல்லதா கெட்டதா?

ஆனா அடுத்த நாள் கடைக்கு வந்தார். கூட ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேர். பெரியத்தான் அவங்களுக்குச் சேர் போட்டார், எடுத்து வச்ச நூறில் இருந்துதான் எடுத்துப் போட்டார்.

"யாரு எழுதினது?"

"நான்தாண்ணே."

"எங்கப்பா சாகலையே."

"செத்துட்டார்னு நான் எழுதலையேண்ணே."

"உறுதின்னு போட்டிருக்கு."

"சேர் உறுதிண்ணே."

கூட வந்த பெரியவர் ஒருத்தர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார், சிரிச்சாரோ என்னமோ. பெரியத்தான்தான் சமயம் பார்த்துப் பிடிச்சுக்கிட்டார். "ராமரு, கேட்டுக்கோ. நோட்டுல எழுதியிருந்தா இது சிங்கப்பூர் வரைக்கும் போயிருக்குமா? நம்ம மானம் கப்பலேறியிருக்குமா?"

நான் சும்மா இருந்திருக்கலாம்னு சொல்றாங்க. எதுக்கு இருக்கணும்? "நோட்டுல எழுதியிருந்தா, ஆவணிப் பந்தல் மாதிரி ரெண்டு பேரை ஒரே பெட்டியில படுக்க வச்சிருப்பீங்க"ன்னுட்டேன். நேரா அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர் பழக்கதோஷத்தில் அண்டாவைத் தேடினார். அன்னைக்கு எல்லா அண்டாவும் கல்யாண வீட்டுக்குப் போயிருந்துச்சு.

பெரியவங்க பேசி எடுத்த முடிவு என்னன்னா, அந்த வெள்ளிக்கிழமைக்குள்ள நான் அந்த அட்டவணையைப் பெரியத்தான் பேருக்கு மாத்திக் கொடுக்கணும். கடைப் போனையும் கொடுக்கணும். சௌந்தர் அண்ணன்கிட்டயும் மாமாகிட்டயும் மன்னிப்புக் கேட்கணும். அப்புறம் நான் எங்கே போறது? பின்னால, தொட்டிக்குப் பக்கத்தில். அதை யாரும் வாய் விட்டுச் சொல்லலை. ஆனா அண்டா விளக்குற அந்த அம்மாவை அடுத்த மாசத்தில் இருந்து வர வேண்டாம்னு பெரியத்தான் சொல்லியாச்சு.

வீட்டுக்குப் போனதும் ராமர் மெல்ல ஆரம்பிச்சார். "கொடுத்துடேன் வேலு. எதுக்கு வம்பு? அண்ணன்தானே."

"அப்படின்னா வண்டிச் சாவியைக் கொடுங்க. அண்ணனே ஓட்டட்டும். எதுக்கு வம்பு?"

அவர் சாவியை எடுத்து இடுப்பில் நல்லாச் சொருகிக்கிட்டார். அதுக்கு அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கலை. நல்ல மனுஷன், எடுத்துச் சொன்னாப் புரிஞ்சுக்குவார்.

நான் ஏஐகிட்ட கேட்டேன், என்கிட்ட இருந்து இதை வேற யாராவது பிடுங்கிட முடியுமான்னு. "உரிமையாளர் நீங்கதான், நீங்களா மாத்திக் கொடுத்தாத்தான் போகும்"னு சொல்லுச்சு. எனக்கு அது போதும். நிம்மதியாத் தூங்கினேன். கூடவே சில புத்தியும் சொல்லுச்சு. உள்வேலைப் பக்கத்தைத் தனிக் கோப்பாப் பிரிச்சு எங்க ரெண்டு பேருக்கு மட்டும் பகிரணுமாம். செஞ்சுட்டேன். உயிரோட இருக்கிறவங்க பேரை எழுதாம 'அவசரத்துக்கு ஒதுக்கினது'ன்னு மட்டும் எழுதணுமாம். அதையும் செஞ்சுட்டேன். கடைசியா, "அந்தப் பெரியவருக்கு இது மன வருத்தமா இருந்திருக்கலாம், மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு செய்தி எழுதித் தரட்டுமா?"ன்னு கேட்டுச்சு. வேண்டாம்னுட்டேன். அதுக்கு என்ன தெரியும், மாமாவுக்கு என்ன வருத்தம்? மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கான். தினம் கறிச்சோறு. கண்ணாடி மாத்திக் கொடுத்திருக்கான். தெருவில் போறவங்க வர்றவங்களை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு, "என் மகன் வந்திருக்கான்"ங்கிறார். நாங்களே எத்தனை தடவை கேட்டோம். 'தெரியும் மாமா, தெரியும் மாமா'ன்னு வாயே வலிச்சுப் போச்சு.

அந்த வியாழக்கிழமை சௌந்தர் அண்ணன் கிளம்பிட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை, பெரியத்தான் சலவை வேட்டி கட்டிக்கிட்டுப் பத்திரப் பதிவுக்குப் போற மாதிரி வந்து கல்லாவில் உட்கார்ந்தார். ராமர் வண்டியைத் துடைக்கிற சாக்கில் வெளியே நிக்கிறார். நான் போனை இடுப்பில் செருகிப் பிள்ளையை அதுக்கு மேல தூக்கி வச்சுக்கிட்டேன். பிடுங்கணும்னா பிள்ளையைத் தாண்டிப் பிடுங்கட்டும்.

அப்பத்தான் குருவையா மாமா கம்பை ஊன்றிக்கிட்டு வந்தார். மகன் வாங்கிக் கொடுத்த சட்டை, மடிப்புக்கூடக் கலையலை. பெரியத்தான் எழுந்து நின்னார். "வாங்க சித்தப்பா. நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க முன்னாலயே இவளை..."

"கோட்டூரு, எனக்குச் சேர் ஒதுக்கி வைன்னு சொன்னது யாரு?"

பெரியத்தான் இங்கே அங்கே பார்த்தார். "நான்தான் சித்தப்பா. வழக்கமா எல்லாருக்கும் வைக்கிறதுதான்."

"எத்தனை?"

"நூறு."

"பரமக்குட்டி செத்தப்போ இருநூறு போட்டீங்களே."

"அது... அவர் பஞ்சாயத்துல இருந்தவரு."

"என் வீட்டுக்கு நூறு பேர்தான் வருவாங்கன்னு நீயே முடிவு பண்ணிட்டே." மாமா சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி போகுது. இந்தப் போனு, அதுல எழுதுறது, எல்லாம் இந்தப் பிள்ளைகிட்டயே இருக்கட்டும். நான் சொல்றேன். செத்தவனே சொல்றேன், இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

வெளியே ராமர் துடைச்ச கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைக்கிறார். ஜெயிச்சுட்டேன் அக்கா. மன்னிப்பும் கேட்கலை, போனையும் கொடுக்கலை. நான் சொன்னேன் இல்ல, மாமாவுக்கு வருத்தமே கிடையாதுன்னு.

"எனக்கு ஒரு டீ வேணும் கோட்டூரு. சீனி கம்மியா. நீயே போய்ப் பக்கத்துல நின்னு போடச் சொல்லு, இல்லாட்டி அவன் அள்ளிக் கொட்டுவான்"னு மாமா அவரை அனுப்பிட்டார். ராமரையும் கூடப் போகச் சொன்னார். கடையில் நான், மாமா, இவ. இவ அவர் கம்பைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கா.

இதுக்கு மேல நடந்ததை நான் யாருக்கும் சொல்லலை. யாருக்கும் சொல்லாதேன்னார். நீங்க வெளியூர், அதனால உங்ககிட்ட சொல்றேன். உங்களோட சேர்த்து நாலு பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருத்தர் மேளக்காரர், அவரும் வெளியூர்தான்.

மாமா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அப்புறம் குரலைத் தணிச்சுக் கேட்டார்.

"நீ இங்கே எழுதினா, அங்கே அவன் உடனே பார்க்கலாமா?"

"பார்க்கலாம் மாமா."

"அவன் மட்டும் பார்க்கிற மாதிரி பண்ண முடியுமா? இல்லை, எழுதினா எல்லாருக்கும் தெரிஞ்சுதான் ஆகணுமா?"

எனக்கு உற்சாகம் வந்துடுச்சு. முதல் தடவையா ஒரு மனுஷர் சரியான கேள்வியைக் கேட்கிறார். நான் போனை எடுத்துக் காட்டினேன். இது பொது, இது தனி. இங்கே யாரோட மெயில் முகவரியைப் போடுறோமோ அவங்க மட்டும்தான் திறக்க முடியும் மாமா, மத்தவங்க யார் தட்டினாலும் அனுமதி இல்லைன்னு வந்துடும்னேன். அவர் குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தார். சட்டைப் பையில் இருந்து ஒரு அட்டையை எடுத்தார். சௌந்தர் அண்ணன் வேலை பார்க்கிற கம்பெனி அட்டை, அதில் முகவரி எல்லாம் இருக்கு. அதை என் கையில் வச்சார்.

"பொங்கலுக்கு வாடான்னு கேட்டேன். லீவு இல்லைங்கிறான். இதுக்குன்னா கொடுக்கிறானுங்க போல. தை பிறக்கும்போது இன்னொரு தடவை என் பேரை எழுது தாயி. பெட்டி ஒண்ணு, பந்தல், சேர் இருநூறு போடு. ஊர் பார்க்க வேண்டாம், தவசிக்கும் தெரிய வேண்டாம். அவன் ஒருத்தன் கண்ணுல மட்டும் படுற மாதிரி எழுதிக் கொடு."